வெள்ளிக்கிழமை நிற்கும் வரையாடு

எனக்குச் சாமி பக்தி அதிகம். கோபம் அதைவிட அதிகம். இரண்டும் சேர்ந்து 1991 தீபாவளி சமயத்தில் என்னைக் கொண்டுபோய் எங்கே நிறுத்தின என்பதைச் சொல்கிறேன். கேட்டுவிட்டுச் சிரிக்கலாம், தப்பில்லை. என் மனைவி கங்கம்மாள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

என் பெயர் தசரதன். ஒரகடத்திலிருந்து படப்பை போகும் வழியில் தணிகாசலம் முதலாளியின் பட்டறையில் ஃபிட்டர் ஃபோர்மேன். பெரிய கம்பெனிகளுக்கு ஃபுட்ரெஸ்ட், சைலன்சர் கிளாம்ப் என்று சில்லறைச் சாமான் செய்து கொடுக்கும் இடம். அந்த வருஷம் பொங்கல் முடிந்ததும் முதலாளி ஒரு லாரி நிறைய இரும்பைக் கொண்டு வந்து இறக்கினார். கிழக்கு மோட்டார்ஸ் என்று ஒரு கம்பெனி இருந்து மூடிப்போனது. அவர்களுடைய ‘வரையாடு 150’ வண்டியின் பாகங்களை வார்க்கும் அச்சுகளும் வரைபடங்களும்தான் அந்த லாரியில் வந்தவை.

வரையாடு, ரோடு இல்லாத இடத்தில் ஓடுவதற்கென்றே செய்த வண்டி. மட்கார்டு சக்கரத்துக்கு மேல் ஒரு முழம் தூக்கி நிற்கும். சைலன்சரை வயிற்றோடு சேர்த்து மேலே கட்டியிருப்பார்கள். கல், சேறு, ஓடைத் தண்ணீர் எதிலும் போகும். ஆனால் ஸ்டார்ட் பண்ண பத்து உதை வேண்டும், பெட்ரோலைக் குடம் குடமாகக் குடிக்கும், வைத்திருப்பவன் வீட்டில் சொந்தமாக ஒரு மெக்கானிக்கும் இருக்க வேண்டும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அதை நிறுத்திவிட்டார்கள்.

“இத மறுபடியும் வுடப் போறோம் தசரதா” என்றார் முதலாளி. “ஆனா இப்ப கீற பசங்க இதுக்கெல்லாம் மல்லுக்கட்ட மாட்டாங்க. ஒரே ஒதையில கெளம்பணும். லைட் பளிச்னு எரியணும். பெட்ரோல் போட்டே சாவக்கூடாது.”

இந்த வேலைக்காக மதிவதனியைச் சேர்த்தார். ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்த பெண், இருபத்தைந்து வயது. ‘இந்தப் பொண்ணு ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிக்கும்’ என்று நான் கேட்டது அவள் காதிலேயே விழுந்துவிட்டது. மறுநாள் கிளட்ச் மொத்தத்தையும் கழற்றி, என்னைப் பார்க்கவே பார்க்காமல் மாட்டிக் காட்டினாள். அதோடு என் வாய் அடங்கியது. இருவருமாக எட்டு மாதம் வேலை செய்தோம். பிளக்குக்குப் பொறி கொடுக்கும் பழைய பாயின்டைத் தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தோம். ஆறு வோல்ட்டைப் பன்னிரண்டாக்கினோம். சீட்டை இரண்டு அங்குலம் இறக்கினோம். பெட்ரோல் திருட்டுக்குப் பயந்து டாங்குக்குச் சாவி போட்ட மூடி வைத்தோம். அந்த மூடியை அவள்தான் மார்க்கெட்டில் தேடிப் பிடித்தாள். சாவி என் இடுப்பிலேயே இருக்கும்.

முதலாளி ஒரு கெடுவும் வைத்தார். கோத்தகிரியில் வண்டிக் கடை வைத்திருக்கும் சிவசங்கர் என்பவர் தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை வந்து ஓட்டிப் பார்ப்பார். எஸ்டேட் ஆட்களுக்கு முப்பது வண்டி வேண்டும் அவருக்கு. அம்பது கிலோமீட்டர் காடு மேடெல்லாம் நிற்காமல் ஓடினால் ஆர்டர். நின்றால் அச்சுகள் எல்லாம் உருக்குவதற்குப் போகும், வரையாடு கதை அதோடு தீர்ந்தது. எனக்குப் பிள்ளை கிடையாது. அந்த எட்டு மாதத்தில் அந்த வண்டி எனக்கு என்னவாக ஆகியிருந்தது என்பதை நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

டெஸ்ட் ஓட்டுவதற்கு மணிமங்கலத்துப் பையன் பகலவன் வந்தான். பூந்தமல்லி பக்கம் ஒரு பிஸ்டன் கம்பெனியில் லேத் ஆபரேட்டர், வெள்ளிக்கிழமை அவனுக்கு வார லீவு. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டியவன். வண்டி மேல் அவன் நின்றுகொண்டே ஓட்டுவதைப் பார்த்தால் எனக்கே கை தட்டத் தோன்றும். ஒரே குறை, அவன் அப்பா கறுப்புச் சட்டைக்காரர். மகனும் நெற்றியில் எதுவும் இடமாட்டான்.

எங்கள் பட்டறையில் வெள்ளிக்கிழமை காலை பூஜை. மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு, சூடம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். நான்தான் செய்வேன், வேறு யாரையும் விடமாட்டேன். சந்தனம் கடைப்பொடி இல்லை. கங்கம்மாள் கட்டையில் இழைத்து டப்பாவில் போட்டுக் கொடுப்பாள், அவ்வளவு கெட்டி. வரையாட்டுக்கு ஹெட்லைட் மேல் ஒன்று, டாங்க் மூடி மேல் ஒன்று. டாங்க் மூடியில் சாவித் துவாரத்தை விட்டு, அதற்கு மேலே நட்ட நடுவாக, அழுத்தி வைப்பேன். மேலே குங்குமம். பார்க்க அம்மன் முகம் மாதிரி இருக்கும்.

நான் சூடம் காட்டும்போது பகலவன் எதிர்த்த டீக்கடைக்குப் போய்விடுவான். “முடிச்சிட்டு ஒரு கொரல் குடுங்கண்ணே” என்பான். மரியாதையாகத்தான் சொல்வான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

சாவி மூடி மாட்டிய முதல் வெள்ளிக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு போனவன் பதினொன்றரைக்கு வேர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு வந்தான். ஒன்பதாவது கிலோமீட்டரில் நின்றுவிட்டதாம்.

“அரை மணி நேரம் சும்மா வுட்டா மறுபடி ஓடுதுண்ணே. ரெண்டு கிலோமீட்டர் போய் மறுபடி நின்னுடுது” என்றான்.

பெட்ரோல் இருக்கிறதா என்று நான் மூடியைத் திறந்து பார்த்தேன். டாங்க் நிறைய இருந்தது. மூடிவிட்டு ஒரு உதை கொடுத்தேன், டப்பென்று பிடித்துக்கொண்டது. பட்டறையே என்னைப் பார்த்தது. நான் பகலவனைப் பார்த்தேன்.

சனிக்கிழமை வழக்கம்போல் மண்ணெண்ணெய் போட்டு வண்டியைத் தேய்த்துக் கழுவினேன். செவ்வாய்க்கிழமை நானே ஓட்டினேன். முப்பத்திரண்டு கிலோமீட்டர், ஒரு இருமல் இல்லை. அடுத்த வெள்ளி பகலவன் எடுத்தான், எட்டாவது கிலோமீட்டரில் நின்றது. தள்ளிக்கொண்டு வந்தான். நான் டாங்க் மூடியைத் திறந்தேன், மூடினேன், உதைத்தேன், ஓடியது.

மதிவதனி கார்புரேட்டரைப் பிரித்தாள், பெட்ரோல் குழாயை மாற்றினாள், காயிலை மாற்றினாள், பிளக்கை மாற்றினாள். மூன்றாவது வெள்ளியும் நின்றது. அவள் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தாள். நான் ஓட்டிய நாளெல்லாம் ‘சரி’, பகலவன் ஓட்டிய நாளெல்லாம் ‘நின்றது’.

“பாத்தியாம்மா? உன் நோட்டே சொல்லுது” என்றேன். “வண்டில ஒண்ணும் இல்ல. உக்கார்றவன் கிட்ட தான் கீது.”

“அண்ணே, வண்டிக்கு யாரு விபூதி வெச்சிருக்காங்கன்னு தெரியாது” என்றாள். ஆனால் நோட்டை அவள் மூடவில்லை, திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காரணம் அவளுக்கும் பிடிபடவில்லை.

நான் நேராக முதலாளியிடம் போனேன். பகலவன் வாசலில் நின்றுகொண்டிருந்தான், கேட்கட்டும் என்றே சத்தமாகப் பேசினேன். “நெத்தில ஒண்ணும் இல்லாம ஏறுறான், வண்டி நின்னுடுது. கோத்தகிரிக்காரர் வர்ற அன்னிக்கு இவன் இங்க வேணாம் மொதலாளி. அவன் கை ராசி அப்டி.”

முதலாளி மூக்கைச் சொறிந்தார். “நீ சொல்றது எனக்குப் புடிக்கல தசரதா. ஆனா முப்பது வண்டி மேட்டரு” என்றார். பிறகு பகலவனைக் கூப்பிட்டு, “ரெண்டு வாரம் ரெஸ்ட் எடுப்பா” என்றார். அவன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தான். எனக்கு அன்றைக்கு அது ஒரு ஜெயமாகத்தான் இருந்தது.

சிவசங்கர் வருகிற வெள்ளிக்கிழமை விடியற்காலையிலேயே குளித்துவிட்டேன். பத்தரைக்கு ராகுகாலம், ஒன்பதுக்குள் வண்டி கிளம்பியாக வேண்டும். வீட்டு வாசல், அலமாரி, பீரோ எல்லாவற்றுக்கும் அவசர அவசரமாகப் பொட்டு வைத்தேன். பூஜை முடிந்து நல்ல சட்டை எடுக்கலாமென்று பீரோவுக்குப் போனால் சாவி உள்ளே போகவில்லை. எத்தனை அழுத்தினாலும் போகவில்லை.

கங்கம்மாள் வந்து பார்த்தாள். “ஓட்ட மேலயே வெச்சி அப்பிக்கீறியே! கண்ணு இன்னா பெடரிலயா கீது?” என்று கேட்டுக்கொண்டே தலையிலிருந்து ஹேர்பின்னை உருவிச் சுரண்டினாள். அதற்குள் காய்ந்து கெட்டியாகிவிட்டது, சந்தனம் சில்லு சில்லாக வந்தது. நான் சிரித்தபடி சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

பட்டறையில் அன்று விசேஷ பூஜை. வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சந்தனம் வைத்தேன். சிவசங்கர் ஐம்பது வயதுக்காரர், மெலிந்த ஆள், பேச்சும் மெல்ல. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஒரே உதையில் கிளம்பியதும் அவர் முகம் மலர்ந்தது.

“இது பரவாயில்லைங்களே. பழசுல எங்கப்பாவுக்குக் கால் சுளுக்கியே போச்சுங்க” என்றார்.

அவர் முன்னால் ஓட்டினார். நானும் முதலாளியும் மதிவதனியும் மெட்டடார் வேனில் பின்னால் போனோம். படப்பை தாண்டி, மணிமங்கலம் தாண்டி, செம்பரம்பாக்கம் ஏரியை ஒட்டிய வயல் பாதையில் இறங்கினார். முந்தின வாரம் பெய்த மழையில் முழங்கால் சேறு. வரையாடு அதில் சும்மா நீந்திக்கொண்டு போனது. முதலாளி என் தொடையைத் தட்டினார். மதிவதனி வேன் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினாள். அந்த ஐந்து நிமிஷம் என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான நேரம் என்று சொல்வேன்.

பிறகு வண்டி இரண்டு முறை இழுத்தது, திக்கியது, நின்றது.

வேனை விட்டிறங்கிச் சேற்றில் ஓடினோம். சிவசங்கர் உதைத்து உதைத்துப் பார்த்துவிட்டு இறங்கி நின்றார். “பாவமுங்க, நல்லாத்தான் வந்துச்சு” என்று அவர் சொன்ன விதத்திலேயே முப்பது வண்டியும் போய்விட்டது தெரிந்தது. பகலவன் இல்லை, நெற்றி நிறைய விபூதி பூசிய சிவசங்கர்தான் ஓட்டினார், நானே பூஜை செய்தேன், ராகுகாலமும் இல்லை. ஆனாலும் நின்றுவிட்டதே!

பழக்க தோஷம், இடுப்பிலிருந்து சாவியை எடுத்து டாங்க் மூடியைத் திறந்தேன். ‘ஸ்ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தது. பட்டறையில் பிரஸ் மெஷின் சத்தத்தில் அது ஒருநாளும் என் காதில் விழுந்ததில்லை. வயல்வெளியில் தெளிவாகக் கேட்டது.

கையிலிருந்த மூடியைப் பார்த்தேன். காய்ந்த சந்தனம், மேலே குங்குமம். காலையில் கங்கம்மாள் பீரோவைச் சுரண்டியது கண் முன்னால் வந்தது. பொட்டை நகத்தால் பெயர்த்தேன். அடியில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க டாங்குக்குள் காற்றுப் போக வேண்டும், அதற்கான வழி அது. வழியை அடைத்தால் பெட்ரோல் இறங்காது, வண்டி நிற்கும். இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் பழைய வரையாட்டில் காற்றுக்குத் தனியாக ஒரு டியூப் உண்டு. இந்தப் புது மூடி வந்த நாளே வெள்ளிக்கிழமை, வந்த கையோடு அதன் நடு மத்தியில் பொட்டு வைத்தவன் நான். சனிக்கிழமை கழுவும்போது பொட்டு போய்விடும், நான் ஓட்டும் நாளெல்லாம் ஓட்டை திறந்திருக்கும். வெள்ளிக்கிழமை அடைத்துவிட்டு அந்தப் பையனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

யாரும் பார்க்கவில்லை. நான் வண்டியை மறைத்துக்கொண்டு குனிந்திருந்தேன். ‘பெட்ரோல்ல தூசி சார்’ என்று சொல்லி மூடியை மாட்டி உதைத்தால் ஓடும். அம்பது கிலோமீட்டரும் ஓடும். ஆர்டர் வரும், என் பேரும் கெடாது. அந்தப் பொய் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது, மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தவனின் முதுகும் கூடவே ஞாபகத்துக்கு வந்தது. நான் ஜெயித்ததாக நினைத்த அந்த முதுகு.

நிமிர்ந்தேன். “மொதலாளி, பகலவன் மேல ஒண்ணும் இல்ல. வண்டி மேலயும் இல்ல. நான் தான் கெடுத்தேன்” என்று சொல்லி மூடியை நீட்டினேன். ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லும்போது காது இரண்டும் சுட்டது.

மதிவதனி மூடியை வாங்கிப் பார்த்தாள். தலையில் கை வைத்துக்கொண்டாள். “நோட்டுல எல்லாம் எழுதினேன். வெள்ளிக்கிழம பூஜைன்னு ஒரு வரி எழுதலயே அண்ணே!”

சிவசங்கர் மூடியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மெலிந்த ஆள், உடம்பே குலுங்கியது.

“ஏனுங்க, நான் கடையில ஒரு வண்டி வெளிய குடுத்தா மொத வேலையே பூசைங்க. ஐயர் ஒரு பொட்டு, வாங்குறவரு அம்மா ஒரு பொட்டு, சம்சாரம் ஒரு பொட்டு. எல்லாரும் டாங்க் மேலதானுங்க வெப்பாங்க. முப்பது வண்டி குடுத்திருந்தா முப்பதும் முதல் கொண்டையூசி வளைவுலயே நின்னிருக்கும்” என்றார். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு மதிவதனியைப் பார்த்தார். “நம்ம ஆளுங்க ஓட்டுற வண்டிங்கம்மா. நாலு பொட்டு வெச்சாலும் ஓடற மாதிரி செஞ்சு குடுங்க.”

“பழைய டியூபையே திரும்ப வெச்சிடறேன் சார். காத்து கீழேருந்து போவும்” என்றாள் அவள். அவசரமாக அதைத் தூக்கி எறிந்தது தானேதான் என்பதையும் சொன்னாள். அதனால் என் பாரம் கொஞ்சம் குறைந்தது, கொஞ்சம்தான்.

“சரிங்க. மிச்சத்த ஓட்டிப் பாத்துரலாம். ஆனா நான் ஓட்டல. மூணு வாரம் இத ஓட்டினாரே, தள்ளவும் தள்ளினாரே, அந்தத் தம்பியக் கூப்பிடுங்க. வண்டியோட கொறை நிறை அவருக்குத்தான் தெரியும்.”

மணிமங்கலம் பக்கம்தான். நானே வரையாட்டை எடுத்துக்கொண்டு போனேன். பகலவன் வீட்டு வாசலில் அவன் அப்பா கறுப்புச் சட்டையோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என் நெற்றிப் பட்டையையும் சட்டையெல்லாம் சேற்றையும் ஏற இறங்கப் பார்த்தார். சத்தம் கேட்டு வெளியே வந்த பகலவன் என்னைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டான்.

“தப்பு பண்ணிட்டேன்பா” என்றேன். பொட்டுச் சமாசாரத்தை அவன் அப்பா முன்னாலேயே சொன்னேன். பெரியவர் பேப்பரை மடக்கினார். சிரிக்கப் போகிறார், நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. “தைரியமா வந்து சொன்னீங்க. ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்றார். பகலவன் உள்ளே போய் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வந்தான். நான் பின்னால் உட்கார்ந்தேன்.

ஏரிப் பக்கம் என்னை இறக்கிவிட்டு அவன் ஓட்டினானே, அதை என்னவென்று சொல்வேன்! வரப்பு மேல் ஏறினான், வாய்க்காலைத் தாண்டினான், சேற்றில் வண்டி பக்கவாட்டில் சரியும்போது காலைக்கூட ஊன்றவில்லை. சிவசங்கர் அவனையே பார்த்தபடி, “அட, அட” என்றுகொண்டே இருந்தார். பிறகு படப்பை, ஒரகடம், வல்லம், மறுபடியும் பட்டறை. கிளம்பினதிலிருந்து அம்பத்திரண்டு கிலோமீட்டர் ஆகியிருந்தது. நான் பெருமாள் முதல் மாரியாத்தா வரை எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டே வேனில் வந்தேன். எங்கேயும் நிற்கவில்லை. டியூபோடு பத்து வண்டி தைப்பொங்கலுக்கு, மிச்சம் சித்திரைக்கு என்று சிவசங்கர் முதலாளி கையைப் பிடித்துச் சொன்னார். மதிவதனி பட்டறை நடுவில் நின்று விசிலடித்தாள். அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்று அன்றுதான் தெரிந்தது.

எல்லோரும் எதிர்த்த டீக்கடைக்குப் போனோம். பகலவன் டம்ளரை எடுத்துக்கொண்டு ஓரமாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அண்ணே, ஒண்ணு சொல்றேன். எங்கப்பாவுக்குத் தெரிய வாணாம்.”

“சொல்லுப்பா.”

“மொத தடவ நின்னப்போ நீங்க பாத்தீங்களே ஒரு பார்வ. ரெண்டாவது தடவயும் பாத்தீங்க. அதான் மூணாவது வெள்ளிக்கெழம, ஹெல்மெட்டுக்கு உள்ள விபூதி வெச்சிகினு தான் ஏறுனேன். என்னால இந்த வண்டி போயிடக்கூடாதுன்னு தோணிச்சி.” அவன் டீயை ஒரு வாய் குடித்தான். “அப்பவும் நின்னுடுச்சா. அன்னிக்கு ஒம்போது கிலோமீட்டர் தள்ளிகினு வந்தேன் பாருங்க, சாமி இருந்தாலும் சரி இல்லாட்டியும் சரி, நான் தான் வெளங்காதவன் போலன்னு நெனச்சிகினே வந்தேன். வேலைக்குப் போனா லேத்த தொடக்கூட பயமா இருந்திச்சி.”

அவன் பிறந்ததிலிருந்து அவன் அப்பா சொல்லிக் கொடுத்ததை மூன்றே வெள்ளிக்கிழமையில் நான் உடைத்துப் போட்டிருக்கிறேன். முப்பது வண்டி வந்த சந்தோஷத்தில் இருந்தவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

“நீ ராசிக்காரன்டா” என்றேன். “இன்னிக்கு ஒண்ணும் வெச்சிக்காம தானே ஓட்ன?”

“ஒண்ணும் வெச்சிக்கல” என்றான். முகத்தில் மெதுவாகச் சிரிப்பு வந்தது.

கடைக்காரர் எனக்கு இரண்டு வடை வைத்துவிட்டுப் போனார். இரண்டையும் அவன் பக்கம் தள்ளினேன்.